துரை சொன்னதும் நான் சொன்னதும்

காப்பி வேண்டாம் ஸார். காலையில் நானே போட்டுக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். மழை விட்டதிலிருந்து பஸ் ஒழுங்காக வருகிறது, உட்கார இடமும் கிடைத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

நேற்று விசாரணையில் எல்லார் எதிரிலும் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். மானேஜர் கபூர் துரைக்குத் தமிழ் தெரியாது, லயத்து வீடுகளில் இருக்கிற கூலி ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நடுவில் நின்று சொன்ன ஹெட் கிளார்க் யக்ஞநாராயணன் வயதானவர், அந்த மழையிலும் கூச்சலிலும் மொழிபெயர்ப்பில் தடுமாறியிருக்கிறார், ஆகவே யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்றீர்கள். நல்லெண்ணத்தில் சொன்னீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் பொட்டுத் தூக்கம் இல்லை. தடுமாறினேனாம். நானா? இந்தத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை துரைகளுக்கு நாக்காக இருந்திருக்கிறேன், ஒருவராவது அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைச் சரிசெய்துவிட்டுப் போகத்தான் வந்தேன்.

எனக்குப் பாலக்காடு. பாதிரியார்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தேன். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை எதிரெதிரே நிறுத்தி வித்தியாசம் பார்ப்பது சின்ன வயசிலிருந்தே எனக்கு ஒரு பைத்தியம். மற்றவன் சீட்டாடுவான், நான் இதை ஆடுவேன். கபூர் துரை வந்த புதிதில் கல்கத்தா ஆபீசுக்கு எழுதிய கடிதத்தில் மழை ‘கன்டினுவஸ்’ என்று போட்டிருந்தார். விட்டுவிட்டுப் பெய்தால் ‘கன்டினுவல்’ என்று வரும் சார், ஒரு சொட்டு இடைவெளி இல்லாமல் கொட்டினால்தான் ‘கன்டினுவஸ்’ என்றேன். பஞ்சாபி, பெரிய இடத்தில் படித்தவர், முகத்தைச் சுளிப்பார் என்று பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு ‘டிக்‌ஷனரி’ என்று பெயர். எனக்கு அவரைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஆடி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் கீழ் லயத்திலிருந்து குருசாமி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தான். கீழ் லயம் நீங்கள் பார்த்த இடம்தான், மலைச்சரிவை ஒட்டி ஆறு வீடு ஒரே வரிசையாக இருந்தது. குருசாமி நல்ல மனுஷன், கொஞ்சம் வாய் நீளம். துரை முன்னால் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்.

“சாமி, லயத்துக்குப் பின்னாடி மண்ணு பொளந்து கெடக்கு. கல்லு உருள்ற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. புள்ளகுட்டிய வச்சுக்கிட்டுப் பயந்து சாகுறோம். மழை விடுற மட்டும் அந்தப் பழைய கிளப்புல இருந்துக்கிர்றோம்னு துரைகிட்ட சொல்லுங்க சாமி.”

இதற்கு இங்கிலீஷில் ‘ஆங்ஷியஸ்’ என்று அச்சாக ஒரு வார்த்தை இருக்கிறது. மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, அதனால் இந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று அர்த்தம். அதன் பக்கத்து வீட்டில் ‘ஈகர்’ இருக்கிறது. அதில் ஆசை இருக்கும், துடிப்பு இருக்கும், பயம் மருந்துக்கும் இருக்காது. பி.ஏ. படித்தவனே ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிடுவான். எனக்கு அந்தக் குழப்பம் ஒருநாளும் வந்ததில்லை. நான் ‘ஈகர்’ என்றேன். கீழ் லயத்து ஆட்கள் கிளப்பில் குடியேற ஆசைப்படுகிறார்கள் சார் என்று சொன்னேன்.

துரை சிரித்துவிட்டு, பில்லியர்ட்ஸ் மேஜையும் வேண்டுமாமா என்று கேட்டார். துரை சிரிப்பதைப் பார்த்துக் குருசாமியும் சிரித்தான். “துரை நல்ல மனசுக்காரரு சாமி. என்ன சொல்றாரு?” என்றான். யோசிக்கிறார் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

என் குவார்ட்டர்ஸுக்கும் பழைய கிளப்புக்கும் நடுவில் ஒரு வேலி கூடக் கிடையாது. ஊற்றுத் தண்ணீர் ஒரே குழாயில் வந்து என் வீட்டுப் பின்கட்டுத் தொட்டியில் விழும். கிளப்பில் யார் இருந்தாலும் அந்தத் தொட்டிக்குத்தான் வர வேண்டும். வெள்ளைக்கார துரைகள் அங்கே சீட்டாடின காலத்தில் அவர்களுடைய பட்லர் வந்து மொண்டுகொண்டு போவான், அது வேறு விஷயம். என் மனைவி பட்டு, மடி ஆசாரம் பார்க்கிறவள். குளித்து ஈரப்புடவையோடு அந்தத் தொட்டியில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வந்த பிறகுதான் அடுப்பு மூட்டுவாள். ஆறு வீட்டு ஜனமும் வந்து அதில் பானையை முக்கினால் அவள் என்ன செய்வாள்? வாயைத் திறந்து சொல்ல மாட்டாள், உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சாவாள். பாலக்காட்டில் சொந்த பந்தத்தோடு இருந்தவளை இந்தக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். அவளுக்கு இருந்தது அந்த ஒரு குடம் தண்ணீர்தான். அதையும் பறிப்பேனா?

நான் யாரையும் வெறுக்கிறவன் இல்லை ஸார். குருசாமியின் பெண் பூமாரி கல்யாணத்துக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன். பந்தலுக்கு வெளியே நின்று ஆசீர்வாதமும் செய்தேன்.

துரை சிரித்தாரே தவிர விட்டுவிடவில்லை. நீ போய் அந்தப் பிளவைப் பார்த்துவிட்டு வா என்றார். போனேன். குடையை மடக்கி அதில் விட்டுப் பார்த்தேன். கைப்பிடி வரைக்கும் போயிற்று, அடி தட்டவில்லை. குனிந்து காதைக் கொடுத்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மேலே நின்ற சில்வர் ஓக் மரங்கள் லயத்துப் பக்கம் சாய்ந்திருந்தன. திரும்பி வந்ததும் துரை ‘டேஞ்சரா?’ என்று கேட்டார். ‘ரிஸ்க்’ இருக்கிறது சார் என்றேன். டேஞ்சர் என்றால் வந்து கண்முன்னே நிற்பது. ரிஸ்க் என்றால் வரலாம், வராமலும் போகலாம். மழைக்காலத்தில் இந்த மலையே ரிஸ்க்தான் என்று சொல்லிவிட்டுத் துரை வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

அப்புறம் மழை ‘கன்டினுவஸ்’ ஆகிவிட்டது. பாலத்தில் தண்ணீர் ஏறிற்று. டவுனில் இருக்கிற யூனியன்காரர்களுக்குச் சேதி சொல்லப் போன ஆள் பாதி வழியில் திரும்பி வந்தான். தோட்டத்தில் இங்கிலீஷும் தமிழும் தெரிந்த இன்னொருவர் தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஏசுதாஸ், அவர் லீவில் கோட்டயம் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். வெளியே போகவும் வழியில்லை, உள்ளே வரவும் வழியில்லை. துரையும் ஜனங்களும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமென்றால் என் வழியாகத்தான் பேச வேண்டும்.

அது நடந்த அன்றைக்குக் காலையில் துரை யாரிடமும் சொல்லாமல் தானே சரிவில் ஏறிப் பார்த்துவிட்டார். ஆபீசுக்குள் நுழையும்போது முழங்கால் வரை சேறு, முகம் வெளுத்திருந்தது. கிளப் சாவி என் வீட்டில்தான் ஆணியில் தொங்கும். கிளப்பைத் திறந்து வை, அரிசியும் விறகும் ஸ்டோரிலிருந்து அனுப்பச் சொல்கிறேன், இப்போது என்னோடு வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

லயத்து வாசலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். துரை தொப்பிகூட இல்லாமல் மழையில் நின்றுகொண்டு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். எல்லாரும் உடனே ‘இவாக்குவேட்’ பண்ண வேண்டும். கிளப்புக்குப் போங்கள், அங்கே அரிசி வருகிறது, விறகு வருகிறது. வீடு உங்கள் வீடுதான், மழை நின்றதும் திரும்பி வரலாம்.

‘இவாக்குவேட்’ என்பது ஆபத்தான இடத்திலிருந்து ஆட்களை அப்புறப்படுத்துவது. ‘வெக்கேட்’ என்று ஒன்று உண்டு, அது குடியிருக்கிற வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போவது. துரை சொன்னது முன்னது. நான் தமிழில் சொன்னது பின்னது.

“லயத்தைக் காலி பண்ணிடுங்கோ. இப்பவே. துரை உத்தரவு” என்றேன். கிளப் என்றோ அரிசி என்றோ சொல்லவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. தோட்டத்தில் வேலை இருந்தால் லயம், வேலை போனால் லயமும் போயிற்று. சில வருஷங்களுக்கு முன்னால் ஸ்டிரைக் நடந்தபோது வேலையிலிருந்து பேர் வெட்டின குடும்பங்கள் லயத்தை விட்டுப் போகவில்லை. கம்பெனி அடிக்கவில்லை, போலீசைக் கூப்பிடவில்லை. அவர்கள் வெளியே போன நேரம் பார்த்துக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. இந்தக் குளிரில் கதவில்லாத வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாங்கும்? தானாகக் கிளம்பிப் போனார்கள். அதிலிருந்து லயத்து ஜனங்கள் ஒன்று பழகிக்கொண்டார்கள். காலி பண்ணு என்று சத்தம் கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, உரலை நகர்த்தி அண்டக்கொடுத்து, குடும்பத்தோடு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆள் சாய்ந்திருக்கிற கதவைக் கழற்ற முடியாதே.

இது எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். கதவைக் கழற்றச் சொன்ன உத்தரவை அன்றைக்குத் தமிழில் சொன்னவனே நான்தான்.

குருசாமி ஒரு நிமிஷம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். “எங்கிட்டுப் போறது சாமி இந்த மழையில? நாங்க என்ன தப்புப் பண்ணினோம்? பயமாருக்குன்னு சொன்னது ஒரு குத்தமா?” என்றான். அதைத் துரையிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். அவன் துரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். துரைக்குத் தெரிந்த தமிழ் மொத்தமும் இரண்டே வார்த்தை. “போ, சீக்கிரம் போ” என்று மேலே கையைக் காட்டிக் கத்தினார்.

“படுபாவி, நாசமாப் போயிருவ” என்று குருசாமியின் பெண்சாதி சுருளியம்மாள் துரையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். ஈர மண், தூரப் போகவில்லை. அப்புறம் ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். ஆறு வீட்டிலும் உரல் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

என்ன சொல்கிறார்கள் என்று துரை கேட்டார். ‘ரெஃப்யூஸ்’ பண்ணுகிறார்கள் சார் என்றேன். அதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. துரை நம்ப முடியாமல் தானே போய் ஒவ்வொரு கதவையும் தட்டினார். இங்கிலீஷில் கெஞ்சினார், ஹிந்தியில் கெஞ்சினார். உள்ளே இருந்தவர்களுக்குக் கதவைக் கழற்ற ஆள் வந்துவிட்டதாகத்தான் பட்டிருக்கும். அவர் தட்டத் தட்ட உள்ளே விறகையும் பெட்டியையும் இழுத்துப் போட்டார்கள். மேல் லயத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து தூக்கியாவது வெளியேற்றுகிறேன், நீ இங்கேயே நின்று பேசிக்கொண்டிரு என்று சொல்லிவிட்டுத் துரை ஓடினார்.

நான் வீட்டுக்குப் போனேன். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது பின்கட்டில் குரல் கேட்டது. சுருளியம்மாள் ஜன்னல் வழியாக இறங்கி வந்திருக்கிறாள். தொட்டிக்குப் பத்தடி தள்ளியே நின்றாள். அந்த மரியாதை அவளுக்கு எப்போதும் உண்டு.

“சாமி, நாங்க பெரியவுக கெடந்து போறோம். புள்ளைகள மட்டுமாச்சும் அந்தக் கிளப்புல விட்டுக்கிர்றோம். தொறந்து விடச் சொல்லுங்க சாமி. பூமாரி புள்ள இன்னும் பால் குடிக்கிற புள்ள.”

துரையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பட்டு அடுக்களை நிலைப்படியில் நின்றிருந்தாள். “ஏன்னா, சாவி நம்மாத்திலேன்னா இருக்கு? குழந்தைகள் வரட்டுமே. என்னத்துக்கு யோசிக்கறேள்?” என்றாள்.

அவள் சுபாவம் அப்படி. வாசலில் ஒருத்தி அழுதுகொண்டு நின்றால் ஒப்புக்கு நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுவாள், அப்புறம் தனியாக உட்கார்ந்து சங்கடப்படுவாள். எனக்குத் தெரியாதா அவளை? நீ உள்ளே போ என்றேன். “அந்தச் சாவியை எடுங்கோ” என்று அவள் மறுபடியும் சொன்னாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்போதுதான் மலைப்பக்கம் சத்தம் வந்தது. லாரியிலிருந்து கருங்கல்லைக் கொட்டுவது போல இருந்தது, ஆனால் கொட்டி முடியவே இல்லை. சுருளியம்மாள் வந்த வழியே ஓடினாள்.

மண் வந்து முன்வாசலை அடைத்துவிட்டது. ஜன்னல்களும் மூடிப்போயின. அந்தக் கதவுகள் உள்பக்கமாகத் திறக்கிறவை, உள்ளே உரல். முதல் இரண்டு வீட்டில் கூரையைப் பிரித்துச் சிலரை எடுத்தார்கள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. சாயங்காலம் துரை எனக்கு ஆளனுப்பினார். குருசாமி வீட்டுக்குள்ளிருந்து பேச்சுக்குரல் கேட்கிறது, யாருக்கும் புரியவில்லை, வந்து கேட்டுச் சொல் என்றார். மண்மேட்டில் படுத்துக் காதை வைத்தேன். குருசாமிதான். என் குரல் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“சாமியா? சாமி, கதவக் கழட்டிக்கிரச் சொல்லுங்க. நாங்க போயிர்றோம். இனி இங்க இருக்க மாட்டோம்னு துரைகிட்ட சொல்லுங்க.”

அந்த வாக்கியத்தை ஒரு வார்த்தை கூட்டாமல் ஒரு வார்த்தை குறைக்காமல் துரைக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் விழித்தார். எந்தக் கதவு, எதற்குக் கழற்றுவது, என்ன சொல்கிறான் என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். அவர் கையாலேயே மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். நகமெல்லாம் பிய்ந்து ரத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் நின்றுவிட்டது. பூமாரியும் குழந்தையும் அதே அறையில்தான் இருந்திருக்கிறார்கள்.

ஆகவே, ஸார், தடுமாற்றம் என்று எழுதாதீர்கள். மண் சரியும் என்று எனக்குத் தெரியும். துரை சொன்னது முழுக்கப் புரிந்தது. நான் சொன்னால் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்பதும் தெரியும். கிளப்புக்குப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறு வீடும் அரை மணியில் காலியாகியிருக்கும். தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். கபூர் துரையை வேலையிலிருந்து நீக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன், அது நியாயமில்லை. அவர் இங்கிலீஷில் அன்றைக்கு ஒரு பிசகும் இல்லை. என் தமிழிலும் இல்லை.

பட்டுவை விசாரிக்க வேண்டாம். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது, அவள் நிம்மதிக்காகத்தான் இத்தனையும். சத்தம் கேட்ட உடனே அவளே ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கிளப்பைத் திறந்தாள். பிழைத்தவர்களை அங்கேதான் கொண்டு வந்து போட்டார்கள். நம் தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் உடம்பிலிருந்த மண்ணைத் தன் கையாலேயே கழுவினாள். சுருளியம்மாளைத் தன் மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். இன்றுவரை அங்கேதான் சமைக்கிறாள், அவர்களோடுதான் படுக்கிறாள். நேற்று நான் போய் வாசலில் நின்று கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவம், மடி கெட்ட உடம்போடு என் எதிரில் வந்து நிற்க அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.